வயதான நாய்க்கு லேசர்: வீட்டிலேயே கொடுப்பதா, ஈப்போவுக்குக் கொண்டுபோவதா?

பின்னங்கால் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கத் திணறும் நாய் வீட்டில் இருந்தால், அதற்கு என்ன செய்யலாம் என்று கைப்பேசியில் தேடியதுமே லேசர் கருவி ஒன்று கண்ணில் பட்டுவிடும். டார்ச் லைட் அளவு, முனையில் சிவப்பு ஒளி, சில நூறு வெள்ளி விலை. 'வலி குறையும், புண் ஆறும், வீட்டிலேயே செய்யலாம்' என்று விளம்பரம். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இருக்கும் நமக்கு இது கூடுதலாகவே ஆசை காட்டும். லேசர் வைத்திருக்கும் கால்நடை கிளினிக்கைத் தேடினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். இருபது கிலோ நாயை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோக முடியாது. வாடகைக் காரில் நாயை ஏற்ற எல்லா ஓட்டுநரும் சம்மதிக்க மாட்டார்கள். அது அவரவர் சமய நெறி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கார் இல்லாத குடும்பத்துக்குச் சிரமம் சிரமம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டுத் தேய்மானம்தான் என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்த வயதான நாய், அடிக்கடி ஈப்போ போய்வர முடியாத வீடு, இந்த இரண்டும் சேர்ந்தால் சரியான கருவி ஒன்றை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆறாத புண், காரணம் தெரியாத நொண்டல், பூனைக்கு வந்த காயம் என்றால் அந்தப் பணம் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இந்த வைத்தியம் நேற்று முளைத்ததல்ல. முதல் லேசர் 1960இல் வந்தது. 1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முடியை மழித்து, அந்த இடத்தில் சன்னமான லேசர் ஒளியைக் காட்டினார். ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்ததைப் பார்த்தார். சூடு காட்டுவது வேறு, இது வேறு. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடி வீக்கமும் வலியும் தணிகின்றன என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

பலன் உண்டா என்றால், உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முன்னங்கால் முட்டி மூட்டு தேய்ந்த 20 நாய்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு உண்மையான ஒளியும் மற்றவற்றுக்குப் பொய் ஒளியும் கொடுத்தார்கள். உண்மையான ஒளி பெற்ற 11 நாய்களில் 9க்கு வலி மாத்திரையைப் பாதியோ அதற்கு மேலோ குறைக்க முடிந்தது. முதுகுத் தட்டு பிதுங்கி அறுவை செய்த நாய்களின் கதை வேறு. 2012இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 36 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில் லேசர் பெற்றவை சீக்கிரம் நடந்தன. ஐந்து வருடம் கழித்து இன்னொரு குழு அதே கேள்வியை எடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. ஆக, மூட்டு வலிக்கு நம்பிக்கை கொடுக்கும் சிறிய ஆய்வுகள் உண்டு, நரம்புக்கு முடிவு இழுபறி. இன்னொன்றையும் கவனியுங்கள். மூட்டு ஆய்வில் பயன்பட்டது கிளினிக் வகைக் கருவி. அதன் பலனை எடுத்துக் காட்டித்தான் டார்ச் லைட் அளவுக் கருவியையும் விற்கிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்து லயன் வீட்டை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது மணியையும் கூட்டிவந்தார். செம்பனைக்குள் ஓடித் திரிந்த நாய் இப்போது வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் பரப்பி எழுந்திருக்கிறது. ஒரு நாள் கருவியின் படத்தைக் காட்டி, "தம்பி, இந்த லைட்டை வாங்கிட்டா மணி பழையபடி வாசப்படி ஏறிடுமா?" என்று கேட்டார்.

"ஏறலாம்க்கா. ஆனா முதல்ல அது ஏன் ஏறலைன்னு தெரியணும்," என்றேன்.

அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் எந்தக் கருவியும் வீண், சில சமயம் ஆபத்தும்கூட. நம் ஊரில் ஒரு நாய் நொண்டினால் உடனே மூட்டு வாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் சந்தேகம் உண்ணி மேல் வர வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா போன்ற கிருமிகளால் மூட்டு வீங்கும். இன்றைக்கு ஒரு கால், இன்னொரு நாள் வேறு கால் என்று நொண்டல் மாறலாம். ஈறு வெளுக்கும், சாப்பாட்டில் நாட்டம் போகும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். இதற்கு ரத்தப் பரிசோதனையும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும்தான் வழி. ஒளி காட்டிக்கொண்டே வாரங்களைக் கடத்தினால் நாயை இழந்துவிடுவோம். டாக்ஸிசைக்ளின், தோலை ஒளிக்குக் கூச வைக்கக்கூடிய மருந்து வகையைச் சேர்ந்தது. அதனால் அந்த மாத்திரை நடக்கும்போது லேசர் வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெரிய சாதி நாய்களுக்கு எலும்பில் வரும் புற்றுநோயும் முதலில் வெறும் நொண்டலாகத்தான் தெரியும். கட்டி இருக்கும் இடத்தில் லேசர் காட்டக் கூடாது என்பது இந்த வைத்தியத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. எக்ஸ்ரே எடுக்காமல் அந்த விதியை எப்படிக் காப்பாற்றுவது? பாதத்தை மடக்கிவைத்து இழுத்து நடக்கிறதா, பின்னங்கால் நகங்களின் மேல்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் கோளாறு நரம்பில் இருக்கலாம்.

பூனை வளர்ப்பவர்களிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூக்கிலோ பாதத்திலோ ஆறாமல் கசியும் புண்ணோடு பூனை வந்தால், மலேசியாவில் அது ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் நாட்டுப் பூனைகளிடம் பரவலாகக் காணப்படும் நோய் இது. பூனை பிராண்டினாலோ கடித்தாலோ மனிதருக்கும் ஒட்டும், கையில் முடிச்சு முடிச்சாகப் புண் கிளம்பி மேலே ஏறும். மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து கொடுத்தால்தான் போகும். 'புண்ணை ஆற்றும்' என்ற விளம்பரத்தை நம்பி அந்தப் பூனையை மடியில் அழுத்திப் பிடித்து, தினமும் முகத்தருகே கருவியை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புண்ணுக்கு வீட்டு லேசர் வேண்டாம் என்று நான் திட்டமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். நாய்க்குப் புழு வைத்த புண்ணும் அப்படித்தான். புழுவை எடுத்து, செத்த சதையை நீக்கிச் சுத்தம் செய்வதுதான் அங்கே வைத்தியம்.

மணியை ஈப்போவுக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். மருத்துவர் அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்னங்காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டினார். வலது கால் தாராளமாகப் போனது. இடது காலைப் பாதி தூரம் நீட்டியதுமே மணி தலையைத் திருப்பி அவர் மணிக்கட்டை வாயால் கவ்வியது. கடிக்கவில்லை, 'போதும்' என்று பிடித்துக்கொண்டது. இரண்டு தொடையையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இடது தொடை சதை வற்றிக் கைக்குள் அடங்கியது. எவ்வளவு காலமாக அந்தக் காலில் பாரம் போடாமல் இருந்திருக்கிறது என்பது அந்த ஒரு பிடியில் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயும் இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றே காட்டியது. அதற்கப்புறம்தான் லேசர் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருந்தது.

சரி, கிளினிக் லேசரா வீட்டு லேசரா? வித்தியாசம் முழுக்க ஒரு கணக்கில் இருக்கிறது. கருவி வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒளியின் அளவை ஜூல் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு வாட் ஒளி ஒரு விநாடி விழுந்தால் ஒரு ஜூல். ஆழத்தில் இருக்கும் மூட்டுக்குச் சதுர செண்டிமீட்டருக்கு 8 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். சில மருத்துவர்கள் அதைவிடக் கூடுதலாகவும் கொடுப்பார்கள். நடுத்தர நாயின் இடுப்பு ஒரு பக்கம் 50 சதுர செண்டிமீட்டர் என்றால் மொத்தம் 400 ஜூல் தேவை. கிளினிக்கில் இருக்கும் 10 வாட் கருவிக்கு இது 40 விநாடி வேலை. அகச்சிவப்பு விளக்கு நான்கு சேர்ந்து 800 மில்லிவாட் தரும் கைக்கருவிக்கு 500 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மொத்தமே 200 மில்லிவாட் என்றால் 33 நிமிடம். கடையில் விற்கும் 5 மில்லிவாட் சிவப்பு லேசர் பேனாவால் செய்யப் பார்த்தால் 80,000 விநாடி, 22 மணி நேரத்துக்கும் மேல். எதை வாங்கக் கூடாது என்பது இதிலேயே விளங்கிவிடும்.

எட்டு நிமிடம் ஒரு பக்கம், எட்டு நிமிடம் மறுபக்கம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டே செய்துவிடலாம். 33 நிமிடம் இரண்டு பக்கம் என்றால் எந்த நாயும் படுத்திருக்காது, ஒரு வாரத்தில் நாமும் விட்டுவிடுவோம். அதனால் 808 அல்லது 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி, மொத்த சராசரித் திறன் அரை வாட்டுக்குக் குறையாமல், இவை எழுத்தில் இருந்தால்தான் மேலே பேசுங்கள். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி தோலுக்கும் மேற்புண்ணுக்கும் உரியது, இடுப்பு மூட்டு வரை இறங்காது. பல கருவிகளில் சிவப்பு விளக்கு பன்னிரண்டு இருக்கும், வேலை செய்யும் அகச்சிவப்பு விளக்கு இரண்டோ நான்கோதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைக் காட்டி விற்கிறார்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: எழுதியிருக்கும் வாட் உச்சத் திறனா, சராசரித் திறனா? 905 நானோமீட்டரில் துடிப்பாக விட்டு விட்டு எரியும் வகையில் '25 வாட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு சிறிய துடிப்பின் உச்சம். சராசரி சில மில்லிவாட்டாக இருக்கலாம். கணக்குக்குச் சராசரிதான் உதவும். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கணக்குச் சரியாக வந்தாலும் முடி குறுக்கே நிற்கும். அடர்ந்த முடி ஒளியின் பெரும்பங்கைத் தானே தின்றுவிடும். முடியை வகிர்ந்து, கருவி முனையைத் தோலில் லேசாக அழுத்தி வைக்க வேண்டும். கறுப்பு நாய்க்கு முடியும் தோலும் ஒளியை அதிகம் உறிஞ்சிச் சூடாகும். வலுவான கருவியாக இருந்தால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்கடி கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். கிளினிக்கில் பழகிய கை இதைத் தன்னால் செய்யும். அதிக நேரம் காட்டினால் அதிகப் பலன் என்றும் நினைக்காதீர்கள். ஓர் அளவுக்கு மேல் போனால் ஒளியே பலனைக் கெடுக்கும் என்பது இந்தத் துறையில் பல ஆய்வுகளில் கண்ட உண்மை.

அடுத்து கண். வீட்டு லேசரில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். 5 மில்லிவாட்டுக்கு மேல் 500 மில்லிவாட் வரை தரும் லேசர் 3பி வகுப்பு, அதற்கும் மேல் 4ஆம் வகுப்பு. இரண்டுமே கண்ணின் விழித்திரையைச் சுட்டுவிடக்கூடியவை. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமை தானாக மூடிக் காப்பாற்றாது. வலிக்காது, பார்வையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். கருவியோடு வரும் பச்சைக் கண்ணாடியில் எத்தனை நானோமீட்டருக்கு அது தடுக்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். உங்கள் கருவி 808 என்றால் கண்ணாடியும் 808ஐத் தடுக்க வேண்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி உதவாது. நாயின் தலையை மறுபக்கம் திருப்பி, கண் மேல் தடித்த கறுப்புத் துண்டை மடித்துப் போடுங்கள். கழுத்துப்பட்டையின் உலோகத் தகட்டைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் எவர்சில்வர் சோற்றுத் தட்டு, அலமாரிக் கண்ணாடி எதுவும் வேண்டாம், பட்டுத் திரும்பும் ஒளியும் ஒளிதான். தவழும் குழந்தையோ 'நானும் பிடிக்கிறேன்' என்று ஓடிவரும் பேரப்பிள்ளையோ உள்ள வீட்டில், கருவியைப் பூட்டிவைக்க ஓர் இடம் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

கண்ணைத் தவிர, சினையாக இருக்கும் நாயின் வயிறு, கழுத்தில் தைராய்டு சுரப்பி, ரத்தம் கசியும் இடம், ஏதாவது கட்டி, இங்கெல்லாம் காட்டக் கூடாது. வளரும் குட்டியின் மூட்டுகளையும் விட்டுவிடுங்கள்.

எல்இடி விளக்குப் பட்டை என்று ஒன்றும் விற்கிறார்கள், இடுப்பில் சுற்றிக் கட்டுவது. லேசர் அளவுக்குக் கண்ணுக்கு ஆபத்தில்லை, நாய் அதைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடும், பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒளி லேசராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, எல்இடி ஒளிக்கும் செல் பதில் சொல்கிறது. ஆனால் முடிக்கு மேல் கட்டும்போது உள்ளே இறங்குவது கொஞ்சம்தான். குட்டை முடியுள்ள மெலிந்த நாய்க்கும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

கிளினிக் வழியில் முதல் சில வாரங்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவையும், அப்புறம் இடைவெளி விட்டும் கொடுப்பது வழக்கம். பலன் தெரிய இந்த ஆரம்பத் தொடர்ச்சி முக்கியம். ஒரு தடவைக்கு என்ன கட்டணம் என்று போனில் கேட்டு, போக்குவரத்துச் செலவையும் அரை நாள் வேலை இழப்பையும் அதோடு கூட்டுங்கள். ஒரு தடவைக்கு எல்லாம் சேர்த்து 100 வெள்ளி என்று வந்தால் பத்து தடவைக்கு 1,000 வெள்ளி. வலி நிற்க அதற்கப்புறமும் மாதாமாதம் போக வேண்டும். நல்ல வீட்டுக் கருவி அந்த விலைக்குள் வந்தால், வருடக்கணக்கில் நீளும் மூட்டு வலிக்கு வீட்டுப் பக்கம் கணக்குச் சாயும். அறுவைக்குப் பிறகு சில வாரம் மட்டும் தேவை என்றால் கிளினிக்குக்கே போங்கள்.

இந்த மூன்றுக்கும் முன்னால் நிற்கும் நான்காவது வழியை யாரும் விளம்பரம் செய்வதில்லை. எடை. பருமனான நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் உடல் எடை நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்ததுமே நொண்டல் குறைந்தது. இருபது கிலோ நாய்க்கு அது ஒன்றேகால் கிலோகூட இல்லை. 2002இல் முடிவு வெளியான இன்னோர் ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை பார்த்தார்கள். நூற்றுக்கு 25 பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வைத்தியமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் தேவைப்பட்டது. நம் வீடுகளில் நாய்க்குப் போவது மிஞ்சிய சோறு, ரொட்டி சானாய்த் துண்டு, சீனிப்பால். பாசத்தில் போடுகிறோம், அது இடுப்பில் போய் உட்காருகிறது. குழம்புச் சோற்றில் இருக்கும் வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தரையையும் கவனியுங்கள். டைல்ஸ் தரையில் சறுக்கும் ஒவ்வொரு தடவையும் தேய்ந்த மூட்டு திருகுகிறது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்த் தட்டு வரை ரப்பர் பாய் போட்டு, பாதத்தின் அடிமுடியைக் கத்தரித்துவிட்டால் செலவு குறைவு, பலன் அன்றைக்கே தெரியும். வலி அதிகம் இருந்தால் மருத்துவர் தரும் மெலோக்சிகாம் போன்ற நாய்க்குரிய மருந்து இருக்கிறது. நம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு பனடோல் பூனையைக் கொன்றுவிடும். நமக்கு மூட்டு வலிக்குத் தரும் இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அக்கா இப்போதைக்கு எடையையும் பாயையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் மகன் வார இறுதியில் கார் கொண்டுவரும்போது கிளினிக் லேசருக்குக் கொஞ்ச நாள் கொண்டுபோய்ப் பார்ப்பது என்று முடிவு. அங்கே மணிக்குப் பலன் தெரிந்தால் மட்டும் வீட்டுக்குக் கருவி வாங்குவார், மருத்துவர் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று குறித்துக் கொடுத்த தாளோடு. இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. பலமான ஒளிக்கே இறங்காத உடம்பு என்றால் சின்ன ஒளிக்குக் காசு போடத் தேவையில்லை.

பலன் தெரிகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். காசு போட்ட மனம் நல்லதையே பார்க்கும். தொடங்கும் முன் ஒரு நாள், அப்புறம் வாரம் ஒரு நாள், அதே நேரத்தில் அதே இடத்தில் நாய் படுக்கையிலிருந்து எழுவதையும் பத்தடி நடப்பதையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துவையுங்கள். அந்த நாட்களில் மாத்திரையையோ சாப்பாட்டையோ சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆறு வாரம் கழித்து, முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் எது முந்தியது என்று சொல்லாமல் வீட்டில் வேறு ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவரால் சரியாகச் சொல்ல முடிந்தால் தொடருங்கள். இல்லையென்றால் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.